ஆளுக்கு ஒரு வாக்கு

மிசிசிப்பி ஆறு காலங்காலமாகக் கொண்டுவந்து சேர்த்த வண்டலில் எதை விதைத்தாலும் விளையும். வெள்ளைப் பண்ணையார்கள் பருத்தியை விதைத்தார்கள். அதே பெயர்கொண்ட மாநிலத்தின் மேற்கு விளிம்பில், ஆற்றை ஒட்டி, 1844-ல் இசக்வீனா கவுன்ட்டி உருவானது. நம்மூர் வட்டத்தைப் போன்ற சின்ன நிர்வாகப் பகுதி அது.

1860-ல் குடிக்கணக்கு எடுத்தபோது அங்கே இருந்தவர்கள் 7,831 பேர். அவர்களில் 7,244 பேர் அடிமைகள். அமெரிக்காவில் வேறெந்தக் கவுன்ட்டியிலும் அடிமைகளின் விகிதம் இவ்வளவு உயரவில்லை. அந்த ஏட்டின் அடிமைப் பட்டியலைப் பார்த்தால் வயிறு எரியும். முதலாளியின் பெயர் முழுதாக இருக்கும். கீழே வயது, ஆணா பெண்ணா, நிறம் என்று வரிசை வரிசையாக நீளும். ஒருவருக்கும் பெயர் இருக்காது. நூற்றுக்கணக்கானோரை உடைமையாக்கி வைத்திருந்த ஸ்டீபன் டங்கன், தெற்கே நாட்செஸ் நகரத்து மாளிகையில் இருந்தபடியே இந்தப் பண்ணைகளின் வருமானத்தை அனுபவித்தார்.

உள்நாட்டுப் போருக்குப் பின் விடுதலை வந்தது, வாக்குரிமையும் வந்தது. 1890-ல் எழுதிய மாநில அரசியல் சட்டம் அந்த உரிமையைப் பறித்தது. வாக்களிக்க வரி கட்ட வேண்டும். அரசியல் சட்டத்தின் ஒரு பகுதிக்குப் பொருளும் சொல்ல வேண்டும். சொன்னது சரியா என்று தீர்மானிப்பவர் வெள்ளை அதிகாரி. அப்படியே முக்கால் நூற்றாண்டு ஓடிற்று.

1964-ல் யூனிட்டா பிளாக்வெல் என்ற பெண், இசக்வீனாவின் மேயர்ஸ்வில் ஊர் நீதிமன்றத்துக்குப் போய் வாக்காளராகப் பெயர் பதியக் கேட்டார். பருத்திக் காட்டில் களை கொத்தியவர். கேட்ட குற்றத்துக்கு வேலை போனது. ஆனாலும் திரும்பத் திரும்பப் போய்ப் பதிந்தே விட்டார்.

மறு ஆண்டு ஜனவரியில், பக்கத்து ஷார்க்கி கவுன்ட்டியின் ரோலிங் ஃபோர்க் ஊரில் இருந்த கறுப்பின மாணவர் பள்ளிக்குப் பிள்ளைகள் சட்டையில் சின்ன பேட்ஜ் குத்திக்கொண்டு வந்தார்கள். கறுப்புக் கையும் வெள்ளைக் கையும் கோத்திருக்கும் சின்னம் அது. முன்னூறு பிள்ளைகள்வரை இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். அவர்களில் பிளாக்வெல்லின் மகனும் ஒருவன். அவர் வழக்குப் போட்டார். 1966-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம், வகுப்பில் ஒழுங்கு குலைந்ததாகச் சொல்லி பேட்ஜ் விஷயத்தில் பள்ளியின் பக்கம் நின்றது. ஆனால் அதே வழக்கில் அவர் எழுப்பிய இன்னொரு கேள்விக்கு, வெள்ளையருக்கும் கறுப்பருக்கும் தனித்தனிப் பள்ளி நடத்துவதை முடிவுக்குக் கொண்டுவரும் திட்டம் வேண்டும் என்று உத்தரவாயிற்று. என் கணக்கில் அந்தத் தாய்க்கு இது தோல்வியே இல்லை.

1976-ல் மேயர்ஸ்வில் நகராட்சித் தகுதி பெற்றது. அதன் மேயரானார் பிளாக்வெல். மிசிசிப்பி மாநிலத்தில் அந்தப் பதவிக்கு வந்த முதல் கறுப்பினப் பெண் அவர்தான். குழாய்த் தண்ணீர், கழிவுநீர் வசதி, தார் போட்ட தெரு என்று எத்தனையோ தலைமுறை காணாத அடிப்படை வசதிகளை அவர் காலத்தில்தான் அந்த ஊர் கண்டது.

இன்று இசக்வீனா கவுன்ட்டியில் மக்கள் குறைவு. 2020 கணக்கெடுப்பில் 1,338 பேர்தான். பண்ணைக்குள் எந்திரம் நுழைந்தது, கூலி வேலை போனது, குடும்பங்கள் வெளியேறின. தங்கியவர்களை வெள்ளம் விடவில்லை. மிசிசிப்பி பெருகும்போது, அது உள்ளே ஏறிவராதபடி ஸ்டீல் பேயூ ஓடையின் மதகை மூடுவார்கள். மூடினால் உள்ளே பெய்த மழைநீருக்குப் போக்கிடம் கிடையாது. 2019-ல் வயல்களில் மாதக்கணக்கில் தண்ணீர் நின்றது. அந்த ஆண்டு பருத்தியும் சோயாவும் விதைக்கவே முடியாமல் போனது.

அந்த நீரை இறைத்து ஆற்றில் விடும் பம்பு நிலையத் திட்டத்துக்கு 2008-ல் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை ஏன் தடை போட்டது என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.