சோமசுந்தரம், தயா
இலங்கைத் தமிழ் உளமருத்துவர். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் உளமருத்துவப் பேராசிரியராக இருந்தவர். 1990இல் வெளிவந்த 'முறிந்த பனை' நூலாசிரியர் நால்வரில் ஒருவர். இலங்கை உள்நாட்டுப் போர் தமிழர் மனங்களில் ஏற்படுத்திய தாக்கத்தை 'ஸ்கார்ட் மைண்ட்ஸ்' (1998) என்னும் ஆங்கில நூலில் ஆராய்ந்தார். பின்னர் அவரது பார்வை தனிமனிதரிலிருந்து சமூகத்துக்கு விரிந்தது. இடப்பெயர்வும் இழப்பும் குடும்பத்தையும் ஊரையும் சேர்த்தே குலைத்தன. அயலவரிடையே நம்பிக்கை அற்றது, பேச்சு அடங்கியது. இதனை அவர் கூட்டு மனவடு என விளக்கினார். குடும்பமும் ஊருமே ஒருவரின் ஆதாரமாக உள்ள யாழ்ப்பாணத்தில் இதுவே அவரது தலையாய பங்களிப்பு எனலாம்.

சிகிச்சையில் மரபு வழிகளுக்கும் இடமளித்தார். சாந்தியாசனம், மூச்சைக் கவனித்தல் ஆகியவற்றோடு, அவரவர் சமயத்துக்கேற்ப மந்திரமோ செபமோ திரும்பத் திரும்பச் சொல்லும் பயிற்சியும் இருந்தது. உளமருத்துவர்கள் மிகச் சிலரே இருந்த வடக்கில், ஆசிரியர்களையும் ஊர்ப் பணியாளர்களையும் உளவளத்துணைக்குப் பயிற்றுவதை வலியுறுத்தினார். 'மனவடு' என்னும் தமிழ் நூலையும் எழுதினார்.