தலைமாட்டில் வேதம்: நெல்லைச் சீமையில் அச்சமும் அரணும்

நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்களிலிருந்து பிழைப்புத் தேடிப் பம்பாய் வந்து குடியேறிய கிறிஸ்தவக் குடும்பங்களின் வீடுகளுக்குப் போயிருப்பவர்கள் ஒன்றைக் கவனித்திருக்கலாம். வாசல் நிலைக்கு மேலே ஒரு வேத வசனம் ஒட்டியிருக்கும். புத்தாண்டு ஆராதனையில் வாங்கி வந்த வாக்குத்தத்த அட்டை அலமாரிக் கண்ணாடியில் செருகியிருக்கும். இரவு விளக்கணைக்கும் முன் 91ஆம் சங்கீதத்தை வீட்டில் யாராவது ஒருவர் சொல்லுவார். பிற சமய நண்பர்கள் சிலர் என்னிடம், "எங்க வீட்ல கந்தர் சஷ்டி கவசம், உங்க வீட்ல இது, அப்படித்தானே?" என்று கேட்டதுண்டு. கேள்வி எளிமையானது. விடை அவ்வளவு எளிதன்று. அதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு ஒன்று இருக்கிறது. என்னால் இயன்றவரை அதைச் சுருக்கமாக இங்கே தர முயல்கிறேன்.

பனங்காட்டின் அச்சங்கள்

தாமிரபரணிக்குத் தெற்கே, கடலை ஒட்டிக் கிடப்பது தேரி மண். பனையே அங்கு வாழ்வு. அகாலமாக, வன்சாவாக இறந்தவர் பேயாக அலைவார் என்பது அந்நாளைய நம்பிக்கை. பனையிலிருந்து விழுந்து செத்தவர், கொலையுண்டவர், பிள்ளைப்பேற்றில் இறந்தவர் எல்லாரும் அந்தக் கணக்கில் சேருவர். நோய் வந்தால், மழை பொய்த்தால், மாடு செத்தால், "எதுவோ பிடிச்சிருக்கு" என்பார்கள். கோடாங்கியை அழைப்பார்கள், கொடை நேர்வார்கள், ஆடு கோழி பலியிடுவார்கள்.

இவற்றை விரிவாக எழுதி வைத்தவர் கால்டுவெல். 1838இல் சென்னைக்கு வந்து, 1841 முதல் இடையன்குடியில் வாழ்ந்தவர். 1849இல் அவர் வெளியிட்ட ஆங்கில நூலில் ஒரு விந்தையான செய்தி வருகிறது. 1809இல் திருவிதாங்கூர் அரண்வரிசையைத் தாக்கியபோது படுகாயமடைந்து இறந்துபோன போல் என்னும் ஆங்கிலப் படைத்தலைவனின் கல்லறையில், பக்கத்து மக்கள் சாராயமும் சுருட்டும் படைத்து வழிபட்டார்களாம்! வெள்ளைக்காரனே ஆனாலும் அகால மரணம் அடைந்தவன் அல்லவா. அவனையும் சாந்தப்படுத்த வேண்டியிருந்தது.

ஆனால் கால்டுவெல்லை அப்படியே ஏற்பதற்கில்லை. அந்நூலில் பனைத்தொழில் செய்த மக்களைப் பற்றி அவர் எழுதிய இழிவான மதிப்பீடுகளைப் பின்னாளில் அச்சமுதாயத்துப் படித்தவர்களே கடுமையாகக் கண்டித்தார்கள். சுடலைமாடனையும் இசக்கியையும் அவர் 'பேய்' என்ற ஒரே சொல்லில் அடக்கினார். கும்பிடுகிறவர்களுக்கோ அவர்கள் காவல் தெய்வங்கள், குலதெய்வங்கள். மிஷனரிகளின் குறிப்புகளைப் படிக்கும்போது இந்த வேறுபாட்டை நாம் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அரணாக வந்த ஊர்

பாளையங்கோட்டையில் கிளாரிந்தா அம்மையார் முயற்சியால் எழுந்த சிற்றாலயம் 1785இல் அர்ப்பணிக்கப்பட்டது. பனங்காட்டு மக்களிடையே சமயம் பரவியதோ அதற்குப் பிறகுதான். சாத்தான்குளம் பக்கத்துக் காலன்குடியைச் சேர்ந்த தாவீது சுந்தரானந்தம் அதில் முன்னோடி. புதிதாகச் சேர்ந்தவர்கள் தம் ஊர்களில் துன்புறுத்தப்பட்டபோது, 1799இல் அவர்களுக்கென்று தனியாக ஓர் ஊரை ஏற்படுத்தினார். முதல் ஊர் என்பதால் அதற்கு முதலூர் என்றே பெயர்.

இது கவனிக்க வேண்டிய செய்தி. பேய்க்கு அஞ்சாதே என்று ஒருவனிடம் சொல்லிவிட்டு, அவனைப் பழைய ஊரிலேயே தனியாக விட்டுவிட முடியாது. ஊர்க் கொடைக்கு வரி கொடுக்க மறுத்தவனுக்குக் கிணற்றில் தண்ணீர் கிடைப்பதே பாடு. அடுத்த மழை தவறினால் பழி அவன் தலையில் விழும். பேய் பயமும் மனித பயமும் பின்னிக் கிடந்தன. 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த இரேனியுஸ் ஐயர் இதை நன்றாக உணர்ந்தவர். 1830இல் அவர் தொடங்கிய தர்ம சங்கம், அடைக்கலம் தேடி வந்தவர்களுக்காக நிலம் வாங்கிக் குடியிருப்பு அமைக்கும் பணியைச் செய்தது. மெஞ்ஞானபுரம், ஆனந்தபுரம், சுவிசேஷபுரம், நாசரேத் என்று இன்று நாம் பேருந்துப் பலகையில் படிக்கிற பெயர்கள் அந்த நூற்றாண்டின் நினைவுச் சின்னங்கள். ஊர் நடுவே ஆலயம், பக்கத்திலேயே பள்ளிக்கூடம். வசனத்தை நம்பி வாழ வேண்டுமானால் வசனத்தை வாசிக்கத் தெரிய வேண்டுமே! ஆண் பிள்ளை, பெண் பிள்ளை இருபாலாரும் பாடசாலைக்கு வந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

பேயா, பிசாசா?

வேதாகமத்தைத் தமிழாக்கியவர்களுக்கு இந்த இடத்தில் ஒரு சிக்கல் எழுந்தது. சீகன்பால்குவின் புதிய ஏற்பாடு 1715இல் தரங்கம்பாடியில் அச்சேறி முடிந்தது. பின்னர் பப்ரிசியுஸ், இரேனியுஸ் எனப் பலர் கை பட்டு, 1871இல் பவர் ஐயர் தலைமையிலான குழுவின் திருப்புதல் முழுமையாக வெளிவந்தது. இன்றும் பெரும்பாலான வீடுகளில் 'பழைய மொழிபெயர்ப்பு' என்று இருப்பது அதன் வழி வந்ததே.

தமிழில் 'பேய்' பழஞ்சொல். அது முற்றிலும் தீயது என்றும் சொல்ல முடியாது. காரைக்கால் அம்மையார் தம்மையே பேய் என்று சொல்லிக்கொண்டார். பரணியில் பேய்கள் கூழடுகின்றன. ஆகவே கடவுளுக்குப் பகையான சக்தியைக் குறிக்க அச்சொல் போதவில்லை போலும். சுவிசேஷங்களில் ஒருவனைப் பிடித்து ஆட்டுவது 'பிசாசு' என்றே வருகிறது. ஆனால் பலியிடுதல் பற்றிய இடங்களில், உபாகமம் 32ஆம் அதிகாரத்திலும் 1 கொரிந்தியர் 10ஆம் அதிகாரத்திலும், 'பேய்' என்ற சொல்லே நிற்கிறது. ஆடு கோழி பலியைக் கண்ணால் கண்ட நெல்லை வாசகனுக்கு அது யாரைக் குறித்தது என்று விளக்க வேண்டியிருந்திருக்காது.

இன்னொரு சொல் 'சர்வாயுதவர்க்கம்'. எபேசியர் 6ஆம் அதிகாரத்தில் பவுல் ரோமப் போர்வீரனின் முழு ஆயுத அணியை உவமையாக்குகிறார். நீதி மார்க்கவசம், விசுவாசம் கேடகம், இரட்சணியம் தலைச்சீரா, தேவவசனம் பட்டயம். தேவராய சுவாமிகளின் கவசத்தை அறிந்த தமிழ்க் காதுக்கு 'கவசம்' புதிய சொல்லன்று. ஆனால் அமைப்பில் வேறுபாடு உண்டு. கவச நூல்கள் தலை முதல் கால் வரை ஒவ்வோர் உறுப்பையும் காக்கும்படி இறைவனை வேண்டுகின்றன. பவுலின் பட்டியலிலோ அணிய வேண்டியவை குணங்கள். சத்தியமும் நீதியும் இல்லாதவன் அந்தக் கவசத்தைப் போட்டுக்கொள்ள வழியே இல்லை. நண்பர்களின் கேள்விக்கு என் விடை இதுதான்: இரண்டும் ஒரே மனித ஏக்கத்திலிருந்து பிறந்தவை, ஆனால் ஒன்றன் நகல் மற்றொன்று அல்ல.

1827இல் பிறந்து, வைணவ மரபிலிருந்து 1858இல் கிறிஸ்தவரான எச். ஏ. கிருஷ்ண பிள்ளை 1894இல் இரட்சணிய யாத்திரிகத்தை வெளியிட்டார். பனியனின் மூலக்கதையில் பயணி ஆயுதம் பூண்டு அப்பொல்லியோனோடு போர் புரிகிறான். அந்தக் கதை தமிழ்க் காப்பியமானபோது, எபேசியர் நிருபத்தின் போராட்டம் பனைநாட்டுக்குச் சொந்தச் சொத்தாகிவிட்டது.

தலையணைக்கடியில் ஒரு புத்தகம்

என் பாட்டி உடன்குடிப் பக்கத்துக்காரர். பிள்ளைகளுக்குக் காய்ச்சல் கண்டால் வேதப் புத்தகத்தைத் தலையணைக்கடியில் வைப்பார். "வேதம் தலைமாட்டுல இருக்குலே, பயப்படாமத் தூங்கு" என்பார். தாயத்து கட்டக்கூடாது என்பதில் அவர் பிடிவாதம். புத்தகத்தையே தாயத்தாக்குவதில் ஒரு தடையும் இல்லை!

இதைக் கிராமத்து அறியாமை என்று தள்ளிவிடலாமா? முடியாது. கும்ரான் 11ஆம் குகை 1956இல் கண்டறியப்பட்டது. அங்கே கிடைத்த ஒரு சுருளில், பிசாசை ஓட்டும் பாடல்களோடு 91ஆம் சங்கீதமும் சேர்த்து எழுதப்பட்டிருக்கிறது. நான்காம் நூற்றாண்டு அந்தியோகியாவில் பெண்கள் சுவிசேஷத்தைக் கழுத்தில் கட்டித் தொங்கவிட்டதைக் கிறிசோஸ்தொம் குறிப்பிடுகிறார். தலைவலிக்குத் தாயத்து தேடுவதைவிட யோவான் சுவிசேஷத்தைத் தலையில் வைத்துக்கொள்வது மேல் என்று அகஸ்தீன் ஆறுதல் கொள்கிறார். பாட்டிக்கு நல்ல துணைதான்.

ஆயினும் வேதமே இதற்கு ஓர் எச்சரிக்கை தருகிறது. அப்போஸ்தலர் நடபடிகள் 19ஆம் அதிகாரத்தில், ஸ்கேவாவின் மக்கள் ஏழு பேர் இயேசுவின் பெயரை மந்திரம்போல் உச்சரித்துப் பேயோட்டப் போய், அடிபட்டு ஓடுகிறார்கள். அது நடந்த ஊர் எபேசு. சர்வாயுதவர்க்கம் பற்றிய நிருபமும் அதே ஊராருக்கே! இன்னும் வியப்பு, வனாந்தரத்தில் இயேசுவைச் சோதித்த சாத்தான் மேற்கோள் காட்டுவதும் 91ஆம் சங்கீதத்தையே. வசனம் வாயிலிருந்தால் மட்டும் போதாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

நம் புலவர்களும் இதை உணர்ந்திருந்தார்கள். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் 'சாஸ்திரக் கும்மி' பாடி, சகுனம், நாள், கோள், பேய் என்று கிறிஸ்தவர்களே கட்டிக்கொண்டு அழுத மூடநம்பிக்கைகளைச் சாடினார். கத்தோலிக்கரின் வழி சற்று வேறு. உவரி அந்தோனியார் போன்ற திருத்தலங்களுக்கு, பேய் பிடித்ததாகக் கருதப்பட்டவர்களை அழைத்து வந்து தங்க வைத்தார்கள். சமயப் பிரிவுகளைக் கடந்தும் மக்கள் அங்கே வந்தார்கள், இன்றும் வருகிறார்கள்.

ஜெபமும் மருந்தும்

1876-78 பஞ்சத்தில் நெல்லைச் சீமையில் ஆயிரக்கணக்கானோர் சபைகளில் சேர்ந்தனர். அந்த நேரத்தில் நாசரேத்துக்கு வந்தவர் மர்காஷிஸ் ஐயர். 1908இல் மறையும்வரை அவ்வூரிலேயே உழைத்தார். குருவான அவர் மருத்துவமும் பார்த்தார். அநாதைப் பிள்ளைகளுக்கு இல்லம் நடத்தினார். அங்குள்ள மருத்துவமனைக்கு வைத்தியனான லூக்காவின் பெயர். "பேய் பிடிச்சிருக்கு" என்று தூக்கி வரப்பட்டவனுக்கு அவ்வூரில் ஜெபமும் உண்டு, மருந்தும் உண்டு. ஒன்று இருப்பதால் மற்றது வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை.

மத்தேயு 4ஆம் அதிகாரம் இயேசுவிடம் கொண்டுவரப்பட்டவர்களை எப்படி வரிசைப்படுத்துகிறது பாருங்கள். பிசாசு பிடித்தவர், சந்திரரோகி, திமிர்வாதக்காரர் எனத் தனித்தனியாகவே சொல்கிறது. எல்லா நோயும் பேயல்ல என்பது சுவிசேஷத்துக்கே தெரிந்திருந்தது.

இதை இங்கே வலியுறுத்தக் காரணம் உண்டு. பெருநகரத்துக்கு வந்த நம் மக்களைப் பழைய பனங்காட்டுப் பேய் தொடர்ந்து வரவில்லை. வேறு அச்சங்கள் வந்திருக்கின்றன. வேலை போகும், வாடகை ஏறும், பிள்ளை வழிதவறும். மனம் உடைந்த இளைஞனைப் பார்த்து, "அசுத்த ஆவி" என்று சொல்லி மாத்திரையை நிறுத்தச் சொல்லுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் வசனத்தைக் கேடகமாகப் பிடிக்கவில்லை. நோயாளியின் கையிலிருந்த கேடகத்தைப் பிடுங்குகிறார்கள். எனக்குத் தெரிந்த குடும்பங்களிலேயே இதனால் கண்ணீர் சிந்தியவர்கள் உண்டு.

முதலூரை ஏற்படுத்தியவர்கள் அஞ்சியவனுக்கு வசனம் கொடுத்தார்கள். அதோடு குடியிருக்க நிலமும், படிக்கப் பள்ளியும், கூடி நிற்க ஒரு சபையும் கொடுத்தார்கள். பின்வந்தவர்கள் மருந்தையும் சேர்த்தார்கள். நம் பாட்டிமார் தலைமாட்டில் வைத்த புத்தகத்தை நாமும் வைத்துக்கொள்வோம். காலையில் எழுந்ததும் அதைத் திறந்து வாசிப்போம். பக்கத்து அறையில் யாராவது தூங்காமல் தவித்துக்கொண்டிருந்தால், அவர் தோளில் கைவைத்து ஜெபித்துவிட்டு, மருத்துவரிடமும் கூட்டிக்கொண்டு போவோம்.