விளக்கும் அகப்பையும்

ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேலை வரையச் சொன்னால் என் மாணவிகள் தவறாமல் விளக்கைத்தான் வரைகிறார்கள். 'கைவிளக்கேந்திய காரிகை' என்று பள்ளிப் பாடம் மனத்தில் பதித்த படம் அது. அகப்பையை ஒருத்தியும் வரைந்ததில்லை. ஆனால் கிரிமியாவுக்குப் போகும் முன்பே, 1853 ஆகஸ்டில், லண்டன் ஹார்லி தெருவில் நோயுற்ற பெண்களுக்கான சிறிய மருத்துவ இல்லத்தில் கண்காணிப்பாளராகச் சேர்ந்த அவர், அடுக்களையில் கைவைத்தார்.

சாப்பாட்டுத் தட்டோடு மாடிப்படி ஏறி இறங்குவதிலேயே பொழுது போனால் செவிலி என்பவள் வெறும் இரண்டு கால்கள்தான் என்பது அவர் வாதம். உணவை மேலே இழுக்கும் தூக்கியும் ஒவ்வொரு தளத்துக்கும் வெந்நீர்க் குழாயும் கேட்டார். ஜாமை இல்லத்திலேயே காய்ச்ச வைத்து, கடையில் வாங்குவதைவிட எவ்வளவு மிச்சம் என்று கணக்கெழுதினார். இவ்வளவுக்கும் அவருக்குச் சம்பளம் கிடையாது. தந்தை ஆண்டுக்கு 500 பவுண்டு தந்துகொண்டிருந்தார். அதை மறந்துவிட்டு அவரைக் கொண்டாட எனக்கு மனம் வரவில்லை.

1854 நவம்பரில் 38 பெண்களோடு ஸ்குடாரி ராணுவ மருத்துவமனைக்குப் போனார். அங்கே இறைச்சியைப் பங்குபங்காகக் கயிற்றால் இறுகக் கட்டி, அடையாளத்துக்கு ஏதோ ஒரு துணுக்கைச் செருகி, செம்புக் கொப்பரையில் போட்டு வேகவைத்தார்கள். கட்டின் இறுக்கத்தில் நடுப்பகுதி பச்சையாகவே இருக்கும். எலும்போடு சேர்த்து நிறுத்ததால் சிலர் பங்குக்கு எலும்புதான் வந்தது. அதே கொப்பரையில் பிறகு தேநீர். வயிற்றுப்போக்கில் நைந்து கிடந்தவனுக்கும் இதுவே. நைட்டிங்கேல் பத்தியச் சமையலுக்குத் தனி அடுக்களைகள் வைத்தார். மருத்துவர் சொல்லாமல் எதையும் கொடுக்கக் கூடாது என்று தம் பெண்களைக் கட்டுப்படுத்தினார். கல்நெஞ்சு விதிதான். ஆனால் ராணுவத்துக்குள் ஒரு பெண் அடுப்பு மூட்ட வேறு வழி இருந்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

1855இல் லண்டனின் புகழ்பெற்ற சமையல் வல்லுநர் அலெக்சிஸ் சோயர் வந்து, கட்டைத் தளர்த்தச் சொன்னார். முறைவைத்து மாறும் சிப்பாய்களுக்குப் பதில் நிலையான சமையற்காரர்கள் வேண்டும் என்றார். ஆண் செய்தால் கலை, பெண் செய்தால் இயல்பு! இந்தப் பாகுபாடு நமக்குப் புதிதா என்ன?

நைட்டிங்கேல் 1859இல் எழுதிய செவிலியக் குறிப்புகளில் உணவுக்கு இரண்டு அத்தியாயங்கள் உண்டு. தொடாத சாப்பாட்டை நோயாளியின் பக்கத்திலேயே வைத்துவிட்டுப் போகாதே என்கிறார். இன்னோர் அத்தியாயம் மேற்பார்வை பற்றியது. நான் இருக்கும்போது நடப்பது நான் இல்லாதபோதும் நடக்க என்ன ஏற்பாடு என்பதே அதன் கேள்வி. தாய்மை, பொறுமை, புன்னகை என்றெல்லாம் பசப்பாமல், அதை ஒரு வேலையாகவே பேசுகிறார்.

வகுப்பில் இதைச் சொல்லி முடித்ததும் பின் வரிசையிலிருந்து ஒருத்தி, "அப்போ ஜாமைக் கிளறினது யாரு மேடம்?" என்றாள். கூலிக்கு வந்த சமையற்காரி என்றேன். கரும்பலகையில் தூக்கியை வரைந்து, அதன் கீழ்முனையில் அவளை நிறுத்தினேன்.