அங்கியா, காவியா, கதரா?



போன வாரம் கணபதியில் ஒரு சி.எஸ்.ஐ. சர்ச் கல்யாணம். பக்கத்தில் இருந்த பழைய மாணவன் கேட்டான்: "சார், நாடுதான் சுதந்திரம் வாங்கியாச்சே. ஐயர் மட்டும் ஏனுங்க இன்னும் வெள்ளைக்காரன் அங்கியில நிக்கிறாரு?" அங்கே பேச முடியவில்லை. இங்கே எழுதுகிறேன்.

தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது 1947 செப்டம்பர் 27, சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில். சுதந்திரம் வந்து 43-ஆம் நாள். பேச்சு தொடங்கியது 1919-இல், தரங்கம்பாடியில். ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், ஏற்கெனவே ஒன்றாகியிருந்த பிரஸ்பிடேரியன், காங்கிரிகேஷனல் சபைகள் இணைந்தன. ஆங்கிலிக்கன் குருவுக்கு அங்கி முக்கியம். மற்றவர்களில் பலருக்கு அது தேவையே இல்லை. அதனால், ஒரு சபை விரும்பாத வழிபாட்டு முறையை அதன்மேல் திணிப்பதில்லை என்று ஒப்புக்கொண்டார்கள்.

"காவி கட்டியிருக்கலாமே?" என்பீர்கள். மதுரைக்கு 1606-இல் வந்த ராபர்ட் டி நொபிலி, நம் தத்துவ போதகர், காவிதான் கட்டினார். ஆனால் அந்தச் சந்நியாசிக் கோலம் உயர்சாதியாரை நாடியது. அந்தக் கோலத்தில் இருந்தவர் ஒடுக்கப்பட்டவர்களோடு வெளிப்படையாகப் பழக முடியவில்லை. அவர்களுக்காக 1640 வாக்கில் 'பண்டாரசுவாமிகள்' என்று வேறு குருக்களை ஏற்படுத்தினார்கள். சாமி ஒன்று, கோலம் இரண்டு! உடுப்பு இந்திய உடுப்புத்தான். கூடவே சாதியும் வந்துவிட்டது.

திருப்பத்தூரில் 1921-இல் கிறிஸ்துகுல ஆசிரமம் தொடங்கிய ஜேசுதாசனும் ஸ்காட்லாந்துக்காரரான பேட்டனும் டாக்டர்கள். அவர்கள் உடுத்தியது கதர். 1932-இல் சென்னையில் பேட்டன் போலீசிடம் அடியும் வாங்கினார். கதரை யாரும் உடுத்தலாம். அதற்குச் சாதி கிடையாது.

நம் கோவைத் திருமண்டலத்தின் முதல் பேராயர் ஏ.ஜே. அப்பாசாமி. 1950-இல் பொறுப்பேற்றார். கிறிஸ்தவத்தைப் பக்தி மார்க்கமாக விளக்கி 1927-லேயே புத்தகம் எழுதியவர். நம் மண்ணின் மணம் சிந்தனையிலும் வரலாம் என்பதற்கு அவரே சாட்சி.

அங்கி அந்நியம் என்று கேட்டது நல்ல கேள்விதான். ஆனால் 'நம் நாட்டு உடை' என்று யாராவது ஒன்றை நீட்டினால், அதில் யாரெல்லாம் அடக்கம், யாரை வெளியே நிறுத்துகிறது என்றும் கேட்கப் பழகுங்கள், கண்ணுகளா. 1947-இல் ஒரே உடுப்பைக் கட்டாயமாக்காமல் விட்டதைக் குறை என்று எனக்குச் சொல்லத் தோன்றவில்லை.

உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு அந்தக் கால ஆராதனை ஞாபகம் இருந்தால் கேட்டு எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் வாத்தியார்