மண்மேடுகள் கூறும் வரலாறு: நோர்மன் கோட்டைகள் பற்றிய ஒரு நோக்கு

வரலாற்றுச் சான்றுகள் எனும்போது கல்வெட்டுக்களையும் ஏடுகளையும் மட்டுமே கருதுவது வழக்கமாகிவிட்டது. மண்ணும் ஒரு சான்றே என்பதற்கு இங்கிலாந்திலும் வேல்ஸ் எல்லைப்புறத்திலும் புல் மூடிக் கிடக்கும் நோர்மன் கோட்டை மேடுகள் தக்க எடுத்துக்காட்டுக்களாகும்.

1066 ஆம் ஆண்டு ஹேஸ்ரிங்ஸ் போரில் வென்ற வில்லியமும் அவன் பிரபுக்களும் அந்நாட்டில் மிகச் சிறுபான்மையினர். பகைமை நிறைந்த மக்களை அடக்கியாள அவர்கள் கையாண்ட கருவியே ‘மொற்-பெய்லி’ எனப்படும் கோட்டை. வட்டமாக அகழி வெட்டி, அம்மண்ணை நடுவிற் குவித்தெழுப்பிய மேடு மொற் ஆகும். அதன் உச்சியில் மரக்கோபுரம் நின்றது. மேட்டினடியில் அகழியும் மண்ணணையும் மரவேலியும் சூழ்ந்த முற்றமே பெய்லி. மண்டபமும் குதிரைலாயமும் களஞ்சியமும் அங்கு அமைந்தன. கற்கோட்டை எழுப்பப் பல ஆண்டுகள் வேண்டும். இதற்கோ மண்ணும் மரமும் மலிவான உழைப்பும் போதுமாயிருந்தன.

அவ்வுழைப்பு யாருடையது? வில்லியமின் மரணத்தைக் குறிக்கும் 1087 ஆம் ஆண்டுப் பதிவில், ஆங்கிலோ-சக்சன் வரலாற்றேடு கோட்டை கட்டியதையும் ஏழைகள் நசுக்கப்பட்டதையும் ஒருங்கே கூறுகின்றது. 1086 இல் தொகுக்கப்பட்ட டூம்ஸ்டே ஏட்டின்படி, லிங்கன் நகரில் மட்டும் கோட்டையின் பொருட்டு 166 மனைகள் அழிந்தன. எனவே இம்மேடுகளைப் போர்க்கலையின் விளைவாக மட்டும் நோக்குதல் பொருந்தாது. நிலமானிய ஆதிக்கம் நிலத்தின்மீது பொறித்த முத்திரையாகவும் அவற்றைக் கொள்ளல் வேண்டும்.

மரக்கோட்டைகள் கற்கோட்டைக்கு முந்திய தற்காலிக ஏற்பாடுகளே என்ற கருத்து நெடுங்காலம் நிலவியது. வேல்ஸ் எல்லையிலுள்ள ஹென் டோமனில் பிலிப் பார்க்கர் 1960 இல் தொடக்கி, முப்பது ஆண்டுகளுக்கு மேலாக நீடித்த அகழ்வாய்வு இதனை மறுத்தது. 1070களில் மொன்ற்கொமரிப் பிரபு றொஜர் நிறுவிய இக்கோட்டை, மீண்டும் மீண்டும் மரத்தாலேயே புதுப்பிக்கப்பட்டு, ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் பயன்பட்டது. 1223 இல் மூன்றாம் ஹென்றி அண்மையிற் கற்கோட்டை எழுப்பத் தொடங்கிய பின்னரும் அது உடனே கைவிடப்படவில்லை.

அகழ்வாய்வு தந்த மற்றொரு செய்தி மேலும் கருதத்தக்கது. கோட்டைக்கு அடியில், அதற்கு முற்பட்ட உழுவயலொன்றின் சால்வரிகள் வெளிப்பட்டன. அவ்வயலை உழுதவனின் பெயரை எந்த ஏடும் குறிக்கவில்லை. பிரபுவின் கோபுரம் மக்கி மறைந்தது. அவன் குவித்த மண்ணோ பெயரறியா உழவனின் உழைப்பை மூடிக் காத்துத் தந்திருக்கின்றது. ஆள்வோர் எழுதிவைத்த வரலாற்றை அவர்கள் எழுதாது விட்டவற்றைக் கொண்டு நிறைவு செய்வதே வரலாற்று மாணவரின் கடனாகும்.