காலில் கிடப்பது சிலம்பா, விரியன் பாம்பா? குற்றாலத்துச் சிங்கனும் கிரேக்க காமெடியும்

குற்றாலம்னா சீசன், சாரல், அருவிக் குளியல்தான் பலருக்கும் ஞாபகம் வரும். ஆனால், தமிழின் மிகச் சிறந்த காமெடி சீன்களில் ஒன்றும் இந்த ஊரைப் பற்றித்தான். 18-ம் நூற்றாண்டில், தென்காசி பக்கத்து மேலகரத்தைச் சேர்ந்த திரிகூடராசப்பக் கவிராயர் எழுதிய 'குற்றாலக் குறவஞ்சி'யில் அது வருகிறது.

கதை என்ன?

குற்றாலநாதர் உலா வருகிறார். அவரைப் பார்த்த வசந்தவல்லிக்குக் காதல். குறி சொல்ல வரும் குறத்தி சிங்கி, நல்ல செய்தி சொல்லி நகைகளைப் பரிசாக வாங்கிப் போகிறாள். கதை இங்கேயே முடிந்திருக்கலாம். ஆனால் கவிராயர், கடவுளையும் கதாநாயகியையும் ஓரமாக வைத்துவிட்டு, சிங்கியைத் தேடும் கணவன் சிங்கனை மேடையேற்றுகிறார்.

சிங்கன் பறவை பிடிப்பவன். கூட உதவியாளன் நூவன். சிங்கி நினைப்பிலேயே இருப்பதால் வேலை ஓடவில்லை, பறவைகள் தப்பிவிடுகின்றன. கடைசியில் அவளைக் கண்டுபிடித்ததும் விசாரணை ஆரம்பம். சிலம்பு அவன் கண்ணுக்கு விரியன் பாம்பு. பாடகம் நெளியும் மண்புழு. காலில் கட்டிய கெச்சம், செத்த தவளை! சிங்கி அசரவில்லை. இது இந்த ஊரில் குறி சொல்லி வாங்கியது, அது அந்த நாட்டில் கிடைத்தது என்று ஒவ்வொன்றுக்கும் கணக்கு சொல்கிறாள்.

சிரிப்புக்கு அடியில் இருப்பது சந்தேகம். 'இவ்வளவு நகை எப்படி வந்தது?' என்பதுதான் அவன் கேள்வி. 'என் தொழிலில் சம்பாதித்தேன்' என்பது அவள் பதில்.

கிரேக்கத்திலும் இதே கேள்வி

கி.மு. 4-ம் நூற்றாண்டில் பிறந்த கிரேக்க நாடகாசிரியர் மெனாண்டர். இவருடைய 'எபிட்ரெபான்டெஸ்' நாடகத்திலும் மனைவியைச் சந்தேகிக்கும் கணவன் வருகிறான். கல்யாணமாகி ஐந்தே மாதத்தில் குழந்தை பிறந்ததால் அவளை விட்டு விலகுகிறான். குழந்தையுடன் கிடைத்த மோதிரம் உண்மையைச் சொல்கிறது: கல்யாணத்துக்கு முன் ஒரு இரவுத் திருவிழாவில், யாரென்று தெரியாமல் அவளைப் பலவந்தம் செய்தவன் அவனேதான். அங்கே பெண்ணுக்காக மோதிரம் பேச வேண்டியிருந்தது. குற்றாலத்தில் சிங்கியே பேசிவிடுகிறாள். அந்த வகையில் நம்ம ஊர் சீன் ஒரு படி மேல்.

காப்பியா?

வாய்ப்பே இல்லை. மெனாண்டர் நாடகத்தின் பெரும்பகுதி எகிப்தில் பாப்பிரஸ் ஏடுகளாகக் கிடைத்ததே 1905-ல்தான். ஷேக்ஸ்பியரும் அதைப் படித்திருக்க முடியாது.

கிரேக்கக் காமெடி பிழைத்தது ரோம் வழியாக. பிளாட்டஸ், டெரன்ஸ் இருவரும் அந்த நாடகங்களை லத்தீனில் தழுவி எழுதினார்கள். எஜமானின் காதலுக்காக ஓடியாடும் அடிமை பிளாட்டஸின் பிரபல பாத்திரம். நம்ம நூவனுக்குத் தூரத்துச் சொந்தம் மாதிரி. பிளாட்டஸின் 'மெனெக்மி' இரட்டையர் கதையைத்தான் ஷேக்ஸ்பியர் 'காமெடி ஆஃப் எரர்ஸ்' ஆக்கினார், இரட்டை வேலைக்காரர்களையும் சேர்த்து. ஷேக்ஸ்பியர் தமிழ் மேடைக்கு வந்ததில் பம்மல் சம்பந்த முதலியாரின் பங்கு பெரிது. 1891-ல் சென்னையில் சுகுண விலாச சபையைத் தொடங்கியவர் இவர். ஹாம்லெட்டை 'அமலாதித்யன்' ஆக்கியதும் இவர்தான்.

கவிராயருக்கு இந்த ரூட் எதுவும் தேவைப்படவில்லை. மதுரை நாயக்க மன்னர் முத்துவிஜயரங்க சொக்கநாதர் அவருக்கு நிலம் பரிசளித்தார். அந்த இடத்துக்குப் பெயர் 'குறவஞ்சி மேடு'. 1944-ல் ருக்மிணி தேவி, கலாக்ஷேத்ராவில் இதை நாட்டிய நாடகமாக அரங்கேற்றினார். பிளஸ் 1 தமிழ்ப் புத்தகத்தில் சிங்கன், சிங்கி உரையாடலைப் படித்த ஞாபகம் சிலருக்கு இருக்கலாம்.