போரி பந்தரில் எழுந்த கல் மாளிகை



1985-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், பள்ளி மாணவர் 32 பேரை அழைத்துக்கொண்டு பம்பாய் நகருக்குச் சுற்றுலா சென்றேன். ஆசிரியப் பயிற்சி முடித்து இரண்டு ஆண்டுகூட நிரம்பாத வரலாற்று ஆசிரியன் நான். சென்னையிலிருந்து புறப்பட்ட அஞ்சல் வண்டி எங்களை விக்டோரியா டெர்மினஸ் என்னும் நிலையத்தில் இறக்கிவிட்டது. வெளியே வந்து சாலையின் மறுபுறம் நின்று திரும்பிப் பார்த்தோம். கோபுரமும் குவிமாடமும் கூர்வளைவுகளும் கொண்ட அந்த மாளிகையைக் கண்டு பிள்ளைகள் வாயடைத்து நின்றனர். நான் ஆசிரியனல்லவா? உடனே விளக்கத் தொடங்கினேன். "இதைக் கட்டியவர் ஸ்டீவன்ஸ் என்னும் ஆங்கிலேயர்" என்றேன். பின்வரிசையில் நின்ற ஒரு பையன், கொத்தனார் ஒருவரின் மகன், "ஐயா, இத்தனையையும் அவர் ஒருவரா கட்டினார்?" என்று கேட்டான். மற்றப் பிள்ளைகள் சிரித்தனர். நானும் சிரித்துவிட்டு அடுத்த இடத்திற்கு நடந்தேன். அந்தச் சிரிப்புக்காகப் பின்னர் நான் வெட்கப்பட்டதுண்டு.

ஓய்வு பெற்ற பிறகு அந்த நிலையத்தை மீண்டும் ஒருமுறை காணச் சென்றேன். இம்முறை பிள்ளைகள் இல்லை. விரைந்து நடக்க வேண்டிய கட்டாயமும் இல்லை.

அவ்விடத்தின் பழம்பெயர் போரி பந்தர். போரி என்றால் சாக்கு. பந்தர் என்றால் துறை. மூட்டைகள் வந்திறங்கிய துறையாதலின் அப்பெயர் பெற்றது என்பர். இந்தியாவின் முதல் பயணிகள் வண்டி 1853-ஆம் ஆண்டு ஏப்ரல் 16-ஆம் நாள் பிற்பகலில் இங்கிருந்துதான் தாணாவுக்குப் புறப்பட்டது. தொலைவு 21 மைல். 14 பெட்டிகளில் ஏறத்தாழ 400 விருந்தினர் அமர்ந்திருக்க, மூன்று எஞ்சின்கள் அவ்வண்டியை இழுத்துச் சென்றன. முதல் பயணிகள் வண்டி என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கல் ஏற்றிச் செல்வதற்கென்று நம் சென்னைக்கு அருகே செங்குன்றத்திலிருந்து 1837-லேயே இருப்புப்பாதை ஒன்று போடப்பட்டது. தேர்வில் இவ்விரண்டையும் குழப்பி எழுதாதீர்கள்.

முதலில் அங்கே பெருமாளிகை எதுவும் இருக்கவில்லை. அதற்கான தேவை பின்னர்தான் வந்தது. 1869-இல் சூயஸ் கால்வாய் திறந்தது. ஐரோப்பாவிலிருந்து வரும் கப்பல்களுக்குப் பம்பாயே இந்தியாவின் தலைவாயில் ஆயிற்று. 1870-இல் ஜபல்பூர் வழியாகக் கல்கத்தாவோடு பாதை இணைந்தது. 1871-இல் சென்னையிலிருந்து சென்ற பாதையும் பம்பாயிலிருந்து வந்த பாதையும் ராய்ச்சூரில் கூடின. பருத்தி மூட்டைகளும் மக்களும் ஒருங்கே பெருகவே, கிரேட் இந்தியன் பெனின்சுலா ரயில்வே என்னும் கும்பினி, தன் அலுவலகமும் நிலையமுமாக ஒரு பெருங்கட்டடம் எழுப்ப முற்பட்டது.

அப்பணிக்கு அமர்த்தப்பட்டவர் பிரெடெரிக் வில்லியம் ஸ்டீவன்ஸ். 1847-இல் இங்கிலாந்தில் பிறந்து, இருபதாம் வயதில் பொதுப்பணித் துறையில் பணிபுரிய இந்தியா வந்தவர். ஐரோப்பாவின் பெருநிலையங்களை நேரில் கண்டறிவதற்காக அவர் சில மாதங்கள் சுற்றுப்பயணம் செய்தார். 1878-இல் தொடங்கிய வேலை ஏறத்தாழப் பத்தாண்டு நடந்தது. செலவு 16 இலட்சம் ரூபாய்க்குச் சற்று மேல். 1887-இல், விக்டோரியா அரசியின் ஆட்சிப் பொன்விழாவின்போது, நிலையத்திற்கு அவர் பெயரைச் சூட்டினர்.

இலண்டனில் உள்ள செயிண்ட் பாங்கிராஸ் நிலையத்தின் சாயல் இதில் தெரிகிறது என்று சொல்வார்கள். தெரிகிறதுதான். ஆயினும், இதை வெறும் பிரதி என்று தள்ளுவது முறையன்று. இத்தாலிய கோதிக் பாணியின் கூர்வளைவுகளுக்கிடையே நம் நாட்டு அரண்மனைகளின் சாயலும், உற்றுப் பார்த்தால் மயிலும் பாம்பும் குரங்கும் இலைக்கொத்துகளும் தென்படுகின்றன. நம் நாட்டு மணற்கல்லும் சுண்ணாம்புக் கல்லும் உடல். இத்தாலியப் பளிங்கு அணிகலன். நடுவே எண்கோணக் குவிமாடம். அதன் உச்சியில் 'முன்னேற்றம்' என்னும் பெண்ணுருவம் ஒரு கையில் தீப்பந்தமும் மறுகையில் சக்கரமும் ஏந்தி நிற்கிறது. வாயிற்றூண்களில் ஒன்றின்மேல் சிங்கம், மற்றொன்றின்மேல் புலி. சிங்கம் இங்கிலாந்தாம், புலி இந்தியாவாம்! காட்டுச் சிங்கம் இங்கிலாந்தில் இல்லை, நம் கத்தியவாரில்தான் உண்டு என்பதை அந்நாளில் யாரும் எடுத்துச் சொல்லவில்லை போலும்.

குவிமாடத்தின் கீழுள்ள படிக்கட்டில்தான் நான் நெடுநேரம் நின்றேன். படிகள் ஒவ்வொன்றும் ஒருமுனை மட்டும் சுவரில் பதிந்து, மறுமுனைக்குக் கீழே தூணின்றி வளைந்து மேலேறுகின்றன. அண்ணாந்தால் குவிமாடத்தின் உட்புறம் முழுவதும் தெரிகிறது. வரைபடத்தில் இதை எழுதிக் காட்டுவது ஒரு திறமை. அத்தனை எடையுள்ள கல்லை நூலிழை பிசகாமல் ஏற்றிப் பதிப்பது வேறொரு திறமை. கொத்தனார் மகனின் கேள்வி அப்போது மீண்டும் என் காதில் ஒலித்தது.

அதற்குரிய விடையை அதன்பின் நான் சிறுகச் சிறுகத் தேடினேன். ஸ்டீவன்ஸுக்குத் துணையாகச் சீதாராம் கண்டேராவ் என்னும் இந்தியப் பொறியாளர் பணிபுரிந்திருக்கிறார். ஜனார்தன் என்பவரும் உடனிருந்திருக்கிறார். சிற்ப வேலையில் பெரும்பங்கு பம்பாய் ஓவியப் பள்ளி மாணவர்களுடையது. ஆம், உங்களைப் போன்ற மாணவர்கள்தாம்! அப்பள்ளி, ஜம்ஷெட்ஜி ஜீஜீபாய் என்னும் பார்சி வணிகர் தந்த நன்கொடையால் 1857-இல் தோன்றியது. இச்சிற்பங்களைச் செய்வித்தவர் ஜான் லாக்வுட் கிப்ளிங் என்று பலர் எழுதிவிட்டனர். அவரோ 1875-லேயே லாகூர்ப் பள்ளிக்குச் சென்றுவிட்டார். வேலை தொடங்கியது 1878-இல். ஆண்டுகளை ஒப்பிட்டுப் பார்க்கும் சிறு உழைப்பைச் சிலர் மேற்கொள்வதில்லை.

இதனோடு முடிந்துவிடவில்லை. இந்நிலையத்திலிருந்து பூனா வழியாகத் தென்னாட்டுக்கு வரும் வண்டி போர்க்காட் மலைத்தொடரில் ஏறியாக வேண்டும். 1856 முதல் 1863 வரை அம்மலையைக் குடைந்து 25 சுரங்கங்கள் அமைத்தனர். வேலை உச்சத்தில் இருந்தபோது 40,000-க்கு மேற்பட்டோர் அங்கே பாடுபட்டனர். கூலி காலத்தில் கிடைக்காமல் 1859-இல் தொழிலாளர் கலகம் செய்தனர். அதன்பின் ஒப்பந்தம் ஏற்ற சாலமன் டிரெட்வெல் வந்த சில வாரங்களிலேயே நோயால் இறக்க, அவர் மனைவி ஆலிஸ் என்னும் அம்மையார் பொறியாளர்களை அமர்த்தி அவ்வேலையை முடிப்பித்தார். காலராவுக்கும் காய்ச்சலுக்கும் பலியான தொழிலாளர் ஆயிரக்கணக்கினர். அவர்களுள் ஒருவர் பெயரும் கல்லில் இல்லை. நிலையத்தின் முகப்பில் கும்பினி இயக்குநர்களின் முகங்கள் வட்டக் கல்லில் செதுக்கப்பட்டுள்ளன. ஜீஜீபாய், ஜகந்நாத் சங்கர்சேட் ஆகிய நம்மவர் இருவரும் அங்கே இடம்பெற்றது ஓரளவு ஆறுதல்.

கடிகாரத்தின் கீழே ஒரு மாடம் வெறுமையாக இருக்கிறது. அதில் விக்டோரியா அரசியின் சிலை இருந்தது; விடுதலைக்குப் பிறகு அகற்றிவிட்டனர். 1996-இல் அரசியின் பெயரும் நீங்கிச் சத்ரபதி சிவாஜியின் பெயர் வந்தது. 2017-இல் 'மகாராஜ்' என்னும் சொல்லும் சேர்ந்தது. 2004-இல் யுனெஸ்கோ இதனை உலக மரபுச் சின்னமாக ஏற்றது. என்ன பெயர் சூட்டினால் என்ன, கூலிக்காரரும் எழுத்தரும் மாணவரும் நாள்தோறும் இலட்சக்கணக்கில் இதனுள் புகுந்து புறப்படுகின்றனர். நாட்டின் முதல் மின்சார வண்டி 1925 பிப்ரவரி 3-ஆம் நாள் குர்லாவுக்குப் புறப்பட்டதும் இங்கிருந்துதான்.

2008 நவம்பர் 26-ஆம் நாள் இரவு கொலைகாரர் இருவர் இங்கே புகுந்து சுட்டதில் 50-க்கு மேற்பட்டோர் மாண்டனர். அந்நேரத்தில் ரயில்வே அறிவிப்பாளர் ஒருவர் தம் இருக்கையைவிட்டு ஓடாமல், எந்த வழியாகத் தப்ப வேண்டும் என்று ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டே இருந்தார். அவர் குரலைக் கேட்டு உயிர் பிழைத்தவர் பலர். ஒலிபெருக்கியின்முன் அமர்ந்து இதைப் பேசும்போது எனக்கு அவர் நினைவு வருகிறது.

அந்தப் பையன் இப்போது ஐம்பதைக் கடந்திருப்பான். எந்த ஊரில் என்ன தொழில் செய்கிறானோ, அறியேன். இந்தப் பேச்சு அவன் காதில் விழுமாயின், அன்று தரவேண்டிய விடையை இன்று தருகிறேன்: இல்லையப்பா, அவர் ஒருவர் கட்டவில்லை.